எனக்கு முன்னே புறப்பட்ட பை

நான் வெளிநாடு போவதற்கு வெகு காலம் முன்பே என் பை கிளம்பிவிட்டது. ஒரு புதன்கிழமை காலை, எதிர் வீட்டுக்காரர் அதைத் தோளில் வைத்துக்கொண்டு தெருவைக் கடந்தார். என் அக்கா பின்னாலேயே போய்ச் சூடம் சுற்றினாள். "திரும்பிப் பாக்காமப் போங்க" என்று அவருக்கு உத்தரவு வேறு. மனிதர் நல்லவர். திரும்பிப் பார்க்காமலே போய்த் தன் வீட்டு நிலைப்படியில் காலை இடித்துக்கொண்டார். நான் லுங்கியோடு எங்கள் வாசலில் நின்று, என் நல்ல சட்டைகள் எல்லாம் என்னை விட்டுப் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இதற்குப் பரஸ்தானம் என்று பெயர். பயணத்துக்கு நல்ல நாள் ஒன்று, கிளம்ப முடிகிற நாள் வேறொன்று என்று ஆகிவிட்டால், நல்ல நாளில் பெட்டியையோ துணிமணியையோ வேறொருவர் வீட்டில் கொண்டுபோய் வைத்துவிடுவது. அத்தோடு பயணம் தொடங்கிவிட்டதாக அர்த்தம். பிறகு எந்த நேரத்தில் கிளம்பினாலும் தோஷமில்லை, போகிற வழியில் எடுத்துக்கொண்டு போகலாம். விதி ஒன்றே ஒன்றுதான். வைத்த பை வீட்டுக்குத் திரும்பி வரக் கூடாது. வந்தால் பயணமே நின்றுபோகும். எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. ஆனால் அக்காவுக்கு உண்டு; எனக்கு அக்காவிடம் பயம் உண்டு.

நல்லூரில் எனக்குச் சின்னதாக ஒரு தையல் யூனிட். வீட்டை ஒட்டின ஷெட்டில் கொஞ்சம் மெஷின்கள், பெரிய கம்பெனிகள் வெட்டிக் கொடுப்பதைத் தைத்துக் கொடுக்கும் ஜாப் ஒர்க். பெரும்பாலும் கைக்குழந்தை உடுப்பு. எந்தெந்த நாட்டுக் குழந்தைகளோ நான் தைத்த சட்டையில் பால் கக்கியிருக்கின்றன. நான் மட்டும் எந்த நாட்டையும் பார்த்ததில்லை, பார்க்க ஆசைப்பட்டதும் இல்லை. மகள் கூப்பிட்டதால்தான் இந்த விசா, பை, பரஸ்தானம் எல்லாம்.

எங்கள் பக்கம் தலைப்பிரசவம் தாய்வீட்டுப் பொறுப்பு. மகள் இருப்பது தூர தேசத்தில். அந்த நிலையில் விமானம் ஏறக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அப்படியானால் அம்மா அங்கே போக வேண்டும். அவள் அம்மா இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. சம்பந்தியம்மாவுக்கு மூட்டு வலி, மாடிப்படி ஏறவே ஆள் பிடிக்க வேண்டும். மிச்சம் இருந்தது நான்.

"நான் வந்து என்ன கண்ணு பண்ணப் போறேன்? எனக்கு வெந்நி வெக்கறதே சரியா வராது" என்றேன் போனில்.

"நீங்க ஒண்ணும் பண்ண வேண்டாங்கப்பா. உள்ள நான் இருக்கறப்ப, நம்மூட்டு ஆளு ஒருத்தர் வெளிய உக்காந்திருக்கோணும். சும்மா வந்து உக்காந்திருங்க, போதும்."

சரி, வர்றேன் என்றேன். குழந்தை பிறக்கும் நாளுக்குள் அங்கே போய், ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒரு நாற்காலியில் உட்கார வேண்டும். இத்தனை வருடத்தில் இவ்வளவு சுலபமான ஆர்டர் எனக்கு வந்ததே இல்லை. ஆனால் வாங்கிய ஆர்டரிலேயே இதற்குத்தான் நான் அதிகம் பயந்தேன்.

பையில் முதலில் வைத்தது என் மனைவியின் பழைய நூல் சேலை, வெங்காயத் தோல் நிறம். பச்சைப்பிள்ளையைப் புதுத் துணியில் கிடத்தமாட்டார்கள். துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன சேலைதான் வேண்டும். மகளுக்கு மாப்பிள்ளை பார்ப்பதற்கு முன்பிருந்தே அவள் இதற்கென்று அந்தச் சேலையைப் பதப்படுத்திப் பீரோவில் வைத்திருந்தாள். குழந்தை உடுப்பு தைத்தே சோறு தின்கிற வீட்டில் இதெல்லாம் எதற்கு என்று நான் கிண்டல் செய்வேன். "உங்க துணியில தையல் இருக்குதுங்க, உறுத்தும்" என்று என் தொழிலையே ஒரு வார்த்தையில் முடித்துவிடுவாள்.

ட்ராவல்ஸ்காரர் ரெண்டே வாரத்தில் விசா வந்துவிடும் என்றிருந்தார். வந்தது அவருடைய போன்தான்.

"அண்ணா, சித்த லேட் ஆகுமுங்க. அங்க பெரிய கலவரமுங்க."

உடனே மகளைக் கூப்பிட்டேன். அவள் கடையில் முட்டைக்கோஸ் பொறுக்கிக்கொண்டிருந்தாள். "இங்க என்னங்கப்பா கலவரம்? பஸ்சுல ஒருத்தர் சத்தமாப் பேசுனாலே எல்லாரும் திரும்பிப் பாக்கற ஊருங்க இது" என்று சிரித்தாள். மறுபடி ட்ராவல்ஸ்காரரைப் பிடித்து, அங்கே ஒரு கலவரமும் இல்லையே என்று கத்தினேன். அவர் பொறுமையாக விளக்கினார். மகள் இருக்கும் நாட்டுக்கு விசா கொடுப்பதா வேண்டாமா என்று பார்க்கும் அலுவலகம் அந்த நாட்டில் இல்லை, நம் நாட்டிலும் இல்லை. மூன்றாவதாக ஒரு நாட்டில் இருக்கிறது. அங்கேதான் அரசாங்கத்துக்கு எதிராக ஜனங்கள் தெருவில் இறங்கிவிட்டார்கள். ஊரடங்கு. இன்டர்நெட் இல்லை. என் காகிதங்கள் பூட்டிய ஒரு கட்டடத்துக்குள் இருந்தன.

யூனிட்டில் வந்து இதைச் சொன்னபோது யாருக்கும் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. செக்கிங் பார்க்கும் அம்மா மட்டும் கையில் இருந்த பீஸை மடித்து வைத்துவிட்டு நிமிர்ந்தார். அவர் தூத்துக்குடிப் பக்கம். பிழைப்புக்கு வந்து, எங்களுக்கு வடக்கே மண்ணரை என்கிற பகுதியில் குடியிருக்கிறார்.

"அப்ப விசாவையும் வெளிய ஜாப் ஒர்க்குக்குத்தான் குடுக்காங்களா மொதலாளி?"

அந்த நிமிடம் எல்லோருக்கும் புரிந்துவிட்டது. எங்கள் ஊரில் ஒரு பனியன் ஒரே கூரைக்குக் கீழே பிறப்பதில்லை. நூலைத் துணியாக ஓட்டுவது ஓரிடம், சாயம் வேறிடம், தைப்பது என்னிடம், காஜா பட்டன் இன்னொரு சந்தில். பட்டன் போடும் சந்தில் கரண்ட் போனால் தூத்துக்குடியில் கப்பல் காத்திருக்கும். என் விசாவும் யாரோ ஒரு ஜாப் ஒர்க்குக்காரனிடம் மாட்டிக்கொண்டது, அவன் ஷெட்டுக்கு வெளியே டயர் எரிகிறது. எனக்கு வேலை கொடுக்கும் பார்ட்டிகளுக்கு நான் சொல்லிவந்த சாக்கெல்லாம் எனக்கே திரும்பி வந்தது. "நாளைக்குக் கண்டிப்பா ஆயிருமுங்க" என்பதன் உண்மையான பொருள் எனக்குத் தெரியும் என்பதுதான் கொடுமை.

அதிலிருந்து எங்கள் யூனிட் முழுக்க வெளிநாட்டு அரசியல் நிபுணர்களாக மாறியது. நல்லூர் ரோட்டில் எங்கே குழி தோண்டியிருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. அந்தத் தலைநகரத்தில் எந்தச் சதுக்கத்தில் கூட்டம், எந்தப் பாலத்தில் போலீஸ் என்று தெரியும். முதலில் நான் அதிபர் பக்கம் இருந்தேன், அவர் அலுவலகங்களைத் திறக்கச் சொன்னதால். பிறகு மாணவர்கள் பக்கம் போனேன், அதிபர் போனால்தான் அமைதி வரும் என்றார்கள். அப்புறம் ராணுவத்தையும் இரண்டு நாள் ஆதரித்தேன். என் கொள்கை தெளிவாக இருந்தது. எவன் அந்தக் கட்டடத்தின் பூட்டைத் திறக்கிறானோ அவன்தான் என் தலைவன்.

இதற்கிடையே எதிர் வீட்டில் பை கிடந்தது. ஊருக்குப் போகிறோம் என்று நல்லதையெல்லாம் அதில் போட்டிருந்தேன். படிக்கிற கண்ணாடி அதில், பிரஷர் மாத்திரை அதில், ஷேவிங் செட் அதில். தினமும் காலையில் எதிர் வீட்டுக் கதவைத் தட்டி, அவர்கள் டிவிக்குக் கீழே உட்கார்ந்து என் பையை நானே திருடன் மாதிரிக் குடைவேன். அக்காவுக்குத் தெரிந்துபோனது.

"எடுக்கலாம் தம்பி, தப்பில்ல. ஆனா ஒண்ணை எடுத்தா ஒண்ணை வெக்கோணும். பை எளைக்கப்படாது" என்றாள்.

இந்த விதி எந்தப் பஞ்சாங்கத்தில் இருக்கிறது என்று நான் கேட்கவில்லை. கண்ணாடியை எடுத்துக்கொண்டு கையில் இருந்த டார்ச் லைட்டை வைத்தேன். ஒரு அட்டை மாத்திரைக்குப் பதிலாக ஒரு நூல் கோன். வேட்டிக்குப் பதிலாக லுங்கி. நடுவில் ஓரிரு நாள் அலுவலகம் திறந்தபோது அங்கே விசாக்காரர்களும் அதையேதான் செய்தார்கள். தாமதத்தில் பழசாகிப்போனது என்று ஒன்றைத் தள்ளி, புதிதாக ஒன்றைக் கேட்டார்கள். போட்டோ பழசு, வேறு எடுங்கள். பேங்க் ஸ்டேட்மென்ட் பழசு, வேறு கொடுங்கள். அக்காவை அந்த அலுவலகத்தில் உட்கார வைத்திருந்தால் நாற்காலி கச்சிதமாகப் பொருந்தியிருக்கும்.

ஒருநாள் எதிர் வீட்டுக்காரர் தயங்கித் தயங்கி வந்தார். "ஏனுங்க, தப்பா நெனைச்சுக்காதீங்க. பேத்தி பெரியவளாயிட்டா. சீருக்குப் பலகாரம் சுட்டாச்சு, ஒறம்பரை எல்லாம் வர்றாங்க. ஊட்டுல எடம் இல்லீங்க." நியாயம்தான், வருகிற சொந்தபந்தம் படுக்க இடம் வேண்டும். ஆனால் பையை நம் வீட்டுக்குக் கொண்டுவர முடியாது. சொந்தக்காரர்கள் வீட்டில் வைத்தால் இன்னும் போகவில்லையா என்று ஆளாளுக்குத் துக்கம் விசாரிப்பார்கள். செக்கிங் அம்மாதான், "எங்க ரூம்ல கெடந்துட்டுப் போவுது மொதலாளி" என்று அதை மண்ணரைக்கு எடுத்துப் போனார்.

அவருடையது ஒற்றை அறை. அடுத்த வாரம் இன்னொரு அட்டை மாத்திரை எடுக்கப் போனபோது என் பைக்கு அங்கே உத்தியோகம் கிடைத்திருந்தது. அதன் மேல் ஒரு பலகை, பலகை மேல் மிக்ஸி. பக்கத்தில் ஊரிலிருந்து வந்த கருவாட்டு மூட்டை. என் மூக்கு சுருங்கியதைப் பார்த்துவிட்டார்.

"என்ன மொதலாளி, வாசம் புடிக்கலியாக்கும்? குழம்பு வச்சுக் குடுத்தா மட்டும் ரெண்டு தடவ கேட்டு வாங்கித் திங்கீங்க?"

அவர் சொன்னது உண்மை. ஆனால் அடியில் இருக்கும் சேலையை நினைத்ததும் மனசு சங்கடப்பட்டது.

அக்கா பை இடம் மாறியதைக் கேட்டு நெற்றியில் அடித்துக்கொண்டாள். அவளுக்குக் கருவாடு பிரச்சினை இல்லை, திசைதான் பிரச்சினை. "ஏர்ப்போர்ட்டு மேக்க இருக்குது. நீ வடக்க கொண்டுபோய் வெச்சிருக்கற. பொறகு எப்படி அங்க ஆபீசைத் தொறப்பாங்க?" அந்தத் தலைநகரத்தில் மறுபடி தீ வைத்தார்கள் என்று அன்று சாயந்திரம் செய்தி வந்தது. அக்கா என்னைப் பார்த்த பார்வையில் அந்தத் தீயை நான்தான் வைத்தது போலிருந்தது.

ஆகவே பை மேற்கே போனது, சாமளாபுரத்துக்கு. அங்கே என் மனைவியின் தம்பி இருக்கிறான். வீட்டை ஒட்டித் தறி ஷெட். சாமளாபுரத்தில் விசைத்தறிச் சத்தத்துக்குள் பேச வேண்டுமானால் கத்த வேண்டும், ரகசியம் பேச வேண்டுமானால் பல்லடம்தான் போக வேண்டும். காற்றெல்லாம் பஞ்சு. போய் இறங்கியதுமே எனக்குத் தும்மல் ஆரம்பித்துவிடும். நான் ஒன்று தும்மினால் மைத்துனன் "நூறு" என்பான், அடுத்ததற்கு "எரநூறு". அந்தக் குடும்பத்துப் பழக்கம் அது, ஆயுசு நூறாம். என் மனைவியும் எந்த வேலையில் இருந்தாலும் நான் தும்மினால் அங்கிருந்தே "நூறு" என்று குரல் கொடுப்பாள். நான் பஞ்சுக்குள்ளேயே வாழ்ந்தவன். அவள் சொன்னதையெல்லாம் கூட்டினால் எனக்குச் சாவே வரக் கூடாது. ஒரு தடவைகூட நான் அவளுக்குத் திருப்பிச் சொன்னதில்லை. அவள் தும்மிய ஞாபகமே எனக்கு இல்லை.

நாள் நெருங்கியது. ட்ராவல்ஸ்காரர் என் நம்பரைப் பார்த்தாலே போனை எடுப்பதில்லை. மகள் போனில் தைரியமாகத்தான் பேசினாள். ஆனால் முடிவில் தினமும் ஒன்றைக் கேட்பாள். "ஏதாச்சும் தெரிஞ்சுதுங்களாப்பா?" நான் அதிபர், மாணவர், ராணுவம் என்று நிலவரம் சொல்வேன். "செரிங்கப்பா" என்பாள். அந்த "செரிங்கப்பா" என்னைச் சாப்பிட விடவில்லை. சும்மா உட்காரக்கூட முடியாதவனாகிவிட்டேன் என்று எனக்கு என் மேலேயே ஆத்திரம்.

அக்கா கடைசியாக ஒரு திருத்தம் கொண்டுவந்தாள். பரஸ்தானம் வைத்து ரொம்ப நாளானால் அது சோர்ந்துபோகுமாம். "போய் அந்தப் பை பக்கத்துல உக்காந்து ஒருவேளைச் சோறு உண்டுட்டு வா. தெம்பாயிரும்." பைக்குத் தெம்பா, எனக்கா என்று கேட்கவில்லை. சாமளாபுரம் போனேன். மைத்துனன் வீட்டுச் சமையலறையில் இலை போட அவன் மனைவி தயாராக இருந்தாள். நான் தறி ஷெட்டுக்கு முன்னால் கட்டிலில், பைக்குப் பக்கத்தில்தான் சாப்பிடுவேன் என்றேன். எனக்கு ஏதோ ஆகிவிட்டது என்கிற முகத்தோடு அங்கேயே தட்டைக் கொண்டுவந்து வைத்தாள்.

ரசத்துக்கு வந்தபோது போன் அடித்தது. மாப்பிள்ளை, வீடியோவில். முகமெல்லாம் வியர்வை, வாய் மட்டும் அசைகிறது. தறிச் சத்தத்தில் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. பிரசவத்துக்கு இன்னும் நாள் இருக்கிறதே என்று கத்தினேன். அவர் போனைத் திருப்பினார். வெள்ளைத் துணிக்குள் சிவப்பாக ஒரு முகம், கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, வாயை அவ்வளவு பெரிதாகத் திறந்து அழுதுகொண்டிருந்தது. எனக்குச் சத்தமே இல்லை. டடக் டடக் என்று தறிதான் கேட்டது.

"அழுகுதுடா! புள்ள அழுகுது, எனக்குக் கேக்க மாட்டீங்குது!" என்று மைத்துனனைப் பார்த்துக் கத்தினேன்.

அவன் எட்டிப் பார்த்தான், ஓடினான். மெயினை இழுத்து அணைத்தான். எங்கள் ஷெட் நின்றது. பக்கத்து ஷெட் ஓடியது. தெருவில் இறங்கி, "நிறுத்துங்க! எங்க அக்கா பேத்தியோ பேரனோ அழுகுதுங்க, நிறுத்துங்க!" என்று கத்திக்கொண்டே போனான். கரண்ட் போனால் ஒழிய நிற்காத தறிகள். என்ன ஏது என்று தெரியாமலே ஒவ்வொரு ஷெட்டாக நிறுத்தினார்கள். கடைசித் தறி இரண்டு தடவை இடித்துவிட்டு நின்றது. பகல் சாப்பாட்டு வேளையில் அந்தத் தெருவில் அப்படி ஓர் அமைதியை நான் கேட்டதில்லை. அந்த அமைதியில் என் பேத்தி அழுதாள். கிழிந்த துணி மாதிரி சின்னச் சத்தம்.

அழுகைக்குப் பின்னாலிருந்து மகளின் குரல் வந்தது, களைத்துப்போய். "அப்பா, எங்க உக்காந்திருக்கீங்க?"

"வெளியதான் கண்ணு" என்றேன். "வெளியதான் உக்காந்திருக்கேன்."

"அப்பச் செரிங்கப்பா" என்றாள். இந்தத் தடவை அந்த வார்த்தை வேறு மாதிரி இருந்தது. நான் எச்சில் கையோடு அழுதேன், வெட்கமே படவில்லை. கையில் நூல் கண்டோடும் ஸ்பேனரோடும் வாசலில் கூடிவிட்ட தறிக்காரர்கள், யார் செத்தது என்று மைத்துனனிடம் மெதுவாக விசாரித்தார்கள். அவன் எல்லோர் வாயிலும் சர்க்கரையைப் போட்டுத் திருப்பி அனுப்பினான்.

அப்புறம் ஒரு நாள் விசா வந்தது. அங்கே யார் ஜெயித்தார்கள் என்று கேட்காதீர்கள், எனக்குத் தெரியாது. பூட்டைத் திறந்தார்கள், அதற்கப்புறம் நான் செய்தியே பார்க்கவில்லை. சாமளாபுரத்தில் பையை எடுத்துக்கொண்டு நேராக ஏர்ப்போர்ட். அங்கே மெஷினில் பையைப் பார்த்த அதிகாரி என்னைத் தனியே கூப்பிட்டார். டார்ச் லைட், நூல் கோன், ஒரு கரண்டி, மூன்று லுங்கி. இவையெல்லாம் எதற்கு என்று ஆங்கிலத்தில் கேட்டார். பை இளைக்கக் கூடாது என்பதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது? "மை சிஸ்டர்" என்றேன். என்ன புரிந்ததோ, விட்டுவிட்டார்.

மகள் வீட்டில் பேத்திக்கு முப்பது நாள் தாண்டியிருந்தது. கை கழுவினேன், மறுபடி கழுவச் சொன்னாள், கழுவினேன். பையின் அடியிலிருந்து சேலையை எடுத்தேன். மகள் அதை வாங்கி முகத்தில் வைத்துக்கொண்டாள். எனக்குத் தெரியும், அவள் எதைத் தேடினாள் என்று. ஆனால் அதில் அவள் அம்மா வாசம் இல்லை. எதிர் வீட்டுச் சீர்ப் பலகாரம், மண்ணரைக் கருவாடு, சாமளாபுரத்துத் தறி எண்ணெய் எல்லாம் கலந்து ஏதோ ஒன்று அடித்தது.

"என்னங்கப்பா இது, ஊரே அடிக்குது?" என்று சிரித்தாள், கண்ணில் தண்ணியோடு. துவைத்துவிட்டுப் போடலாம் என்று மாப்பிள்ளை சொல்லிப் பார்த்தார். அவள் கேட்கவில்லை. நான்காக மடித்து விரித்தாள். நான் குழந்தையை அதில் கிடத்தினேன். மடிப்பிலிருந்து சாமளாபுரத்துப் பஞ்சு கொஞ்சம் மேலே எழும்பியது. குழந்தை மூக்கைச் சுருக்கி ஒரு தும்மல் போட்டது.

"நூறு" என்றாள் மகள், சட்டென்று, அவள் அம்மா சமையலறையிலிருந்து சொல்கிற அதே குரலில்.

குழந்தை இன்னொன்று தும்மியது. அதை நான் சொல்ல வேண்டும் என்று இரண்டு பேரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"எரநூறு" என்றேன்.